குட்டி ஹிட்டாச்சிக்கு ஜுரம்!

சேலம், நாமக்கல் பக்கம் பல ஊர்களில் அஸ்திவாரம் தோண்டிப் பாருங்க. ரெண்டு மூணு அடிக்கு செம்மண் சமத்தா வரும். அப்புறம் 'டங்'னு ஒரு சத்தம். பாறை! ஜியாலஜி படிக்கிறவங்க இதை சார்னோகைட், நைஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாங்க. வீடு கட்டுறவருக்கு அது வெறும் தலைவலி. ஊருக்குள்ளே வெடி வைக்க முடியாது. சந்துக்குள்ளே பெரிய மெஷின் நுழையாது. அப்போ கூப்பிடுற ஆள்தான் குட்டி ஹிட்டாச்சி. பக்கெட்டைக் கழற்றிட்டு பிரேக்கரை மாட்டினால், 'டகடகடக'ன்னு பாறையை உடைச்சுக் கொடுத்துட்டுப் போயிடும்.

எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் நம்ம ஊர்ல அது 'ஹிட்டாச்சி'தான். நம்ம அப்பாக்களுக்கு அது 'பொக்லைன்'. பொக்லைன் என்பது 1951-லேயே ஹைட்ராலிக் தோண்டும் மெஷின் செய்த ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர். ஜப்பானின் ஹிட்டாச்சி 1965-ல் களத்துக்கு வந்தது. பெயர் மாறிச்சு, சைஸ் சுருங்கிச்சு, ஆனா உள்ளே ஓடுற ரத்தம் இன்னிக்கும் அதே ஹைட்ராலிக் ஆயில்தான்.

அந்த ரத்தம் கெட்டுப் போனா? வேலை நின்னுடும். மணிக் கணக்கு வாடகை போயிடும். ஆனா மெஷின் வாங்கின கடனுக்கான தவணை மட்டும் தேதி தப்பாம வந்து நிக்கும். மெக்கானிக் வர்ற வரைக்கும் ஓனர், ஆபரேட்டர், வீட்டுக்காரர் மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிற்க வேண்டியதுதான். 'ஹைட்ராலிக்ஸ் அண்ட் நியூமேட்டிக்ஸ்' பேப்பரை பாஸ் மார்க்குக்கு மட்டும் படிச்ச மெக்கானிக்கல் பசங்களே... உங்களைத்தான் தேடுறாங்க!

பாஸ்கல் வேலையைக் காட்டுறார்

17-ம் நூற்றாண்டில் பிரான்ஸ்காரர் பாஸ்கல் சொன்னது சிம்பிள். அடைத்து வைத்த திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கிற அழுத்தம், எல்லாப் பக்கமும் அதே அளவு பரவும். குட்டி மெஷின்களில் அந்த அழுத்தம் 200 பார், அதற்கு மேலும் போகும். 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்குங்க. உள்பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. 200 பார் அழுத்தம் கொடுத்தால் தள்ளுவிசை சுமார் 10 டன்! அந்தக் கை மண்ணைத் தள்ளும் ரகசியம் இதுதான்.

பாறையைத் துளைக்கிறது இந்த மண்ணுக்குப் புதுசில்லை. திருச்செங்கோடு ரிக் லாரிகள் போர் போடாத மாநிலத்தைத் தேடணும். அங்கே பாறையைக் குத்துற ஹாமர் காற்றழுத்தத்தில் ஓடினாலும், ராடை ஏத்தி இறக்குறதும் சுத்துறதும் ஹைட்ராலிக்ஸ்தான். ஆக, குட்டி ஹிட்டாச்சிக்கு வைத்தியம் கத்துக்கிட்டா ரிக்குக்கும் பாதி வைத்தியம் தெரிஞ்ச மாதிரி.

முதல் கேள்வி இதுதான்

"தம்பி, பிரேக்கர் அடிக்க மாட்டேங்குது." இப்படி ஒரு போன் வந்தால், ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. முதல்ல ஒரு கேள்வி கேளுங்க. "அண்ணே, பிரேக்கர் மட்டும்தானா? இல்லை, பூம், ஆர்ம், டிராக் எல்லாமே மந்தமா?"

எல்லாமே மந்தம்னா, எல்லாருக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. ஆயில் அளவு, ஆயில் உறிஞ்சும் பக்கத்து ஃபில்டர், மெயின் ரிலீஃப் வால்வு, கடைசியா பம்ப்.

ஒரே ஒரு அசைவு மட்டும் மந்தம்னா, அந்தச் சிலிண்டர், அதற்கான வால்வு, அதற்குப் போகிற ஹோஸ்.

மாட்டின கருவி மட்டும் வேலை செய்யலைன்னா, அந்தக் கருவி அல்லது அதற்குப் போகிற தனி லைன். இதில் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு டெக்னிக் இருக்கு. மவுஸ் வேலை செய்யலைன்னா வேற கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்ப்பீங்க இல்ல? அதேதான். அதே லைனுக்கு ஏற்ற வேறொரு கருவியை மாட்டிப் பாருங்க. அதுவும் படுத்தால் மெஷின் பக்கம் தப்பு. அது ஓடினால் பழைய கருவியில் தப்பு.

சோதனை எப்பவும் சல்லிசான பொருளில் ஆரம்பித்து விலை உயர்ந்த பொருளில் முடியணும். ஆயில் அளவு, ஃபில்டர், கப்ளர், ஹோஸ், பிரஷர் கேஜ்... இதையெல்லாம் தாண்டித்தான் பம்ப். "பம்ப் போயிடுச்சு"ன்னு எடுத்த எடுப்பிலேயே சொல்றவர், தலைவலிக்கு நேரா ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புற டாக்டர் மாதிரி!

பிரேக்கர் படுத்தும் பாடு

பிரேக்கருக்குள்ளே ஒரு பிஸ்டன் உளியின் தலையில் விடாமல் அடிக்கிறது. அதற்கு உதவியா மேலே நைட்ரஜன் வாயு அடைச்சு வெச்சிருப்பாங்க. அடி பலவீனமா இருந்தால் மூணு சந்தேகம்: வாயு குறைஞ்சிருக்கலாம், வருகிற ஆயில் போதாமல் இருக்கலாம், இல்லைன்னா திரும்பிப் போகிற ஆயிலுக்கு வழி அடைபட்டிருக்கலாம். ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளினால் வாயு மேலேதான் முதல் சந்தேகம். வாயு நிரப்புறது பட்டறையில், தெரிந்தவர் கையில்தான் நடக்கணும். நைட்ரஜன் மட்டுமே. ஆக்ஸிஜனை ஏத்தினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

இன்னொரு பொதுவான குளறுபடி. பிரேக்கருக்கு ஆயில் ஒரு வழியில் போய், மறு வழியில் நேரா டேங்குக்குத் திரும்பணும். குழி போடும் ஆகருக்கு ரெண்டு பக்கமும் சுத்தணும் என்பதால் ரெண்டு வழியிலும் ஆயில் போக வேண்டும். இதை மாத்துறதுக்கு மெஷினில் ஒரு செலக்டர் இருக்கும். ஆகரைக் கழற்றி பிரேக்கரை மாட்டினவர் செலக்டரை மறந்தால், திரும்புற ஆயில் சுத்து வழியில் முட்டி மோதி சூடாகும். சீல் போகும்.

ஆபரேட்டர் கைப்பழக்கமும் முக்கியம். ஒரே புள்ளியில் அரை நிமிஷத்துக்கு மேல் அடிக்கக் கூடாது. உடையலையா, இடத்தை மாத்து. உளியை பாறைக்கு நேர் செங்குத்தா வை. உளியால் கல்லை நெம்பாதே. பாறை உடைஞ்சதும் லீவரை விடு. காத்துல அடிக்கிற ஒவ்வொரு அடியும் பிரேக்கரின் சொந்த எலும்பில் விழுது!

வில்லன் பெயர் அழுக்கு

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற தூசு சாதாரணமா கண்ணுக்கே தெரியாது. ஆனா பம்புக்கும் வால்வுக்கும் உள்ளே பாகங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியோ பல இடங்களில் 20 மைக்ரானுக்கும் குறைவு. அதாவது, கண்ணுக்குத் தெரியாத தூசுதான் உப்புத்தாள் மாதிரி உள்ளே தேய்க்குது.

இந்தத் தூசு உள்ளே நுழைகிற முக்கிய வாசல் கப்ளர். பக்கெட்டைக் கழற்றி பிரேக்கர் மாட்டும்போது ஹோஸ் முனை புழுதியில் கிடக்கும். எடுத்து அப்படியே சொருகுவாங்க. நல்லா துடைச்சேன்னு சொல்றவர் கையில் பனியன் வேஸ்ட் இருக்கும். அதன் நூல் உதிர்ந்து உள்ளே போகும்! நூல் உதிராத சுத்தமான துணி, முனைக்கு ஒரு மூடி. இந்த ரெண்டும்தான் பம்புக்கு இன்ஷூரன்ஸ்.

ஆயிலே தன் நோயைச் சொல்லும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. நுரை தள்ளினால் காற்று உறிஞ்சுது. கறுத்து, கருகின வாசம் வந்தால் சூடு. கழற்றின ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்க. காந்தத்தில் ஒட்டுற துகளா, மஞ்சள் உலோகத் துகளா, கறுப்பு ரப்பரா? கறுப்பு ரப்பர்னா சீல் அல்லது ஹோஸ். மஞ்சள்னா பம்ப் மேல் ஒரு கண் வையுங்க. பிரேக்கர் அதிகம் ஓட்டுற மெஷினுக்கு ஃபில்டரும் ஆயிலும் வழக்கத்தைவிட சீக்கிரம் மாத்தணும். எத்தனை மணிக்குன்னு கையேட்டில் தனியா போட்டிருக்கும்.

வெயிலும் வேலையைக் காட்டும்

சித்திரை வெயிலில் நம்ம பக்கம் 40 டிகிரி. உள்ளே ஆயில் 82 டிகிரியைத் தாண்டினால் சீல் கெட்டிப்பட ஆரம்பிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். கூலரின் இடுக்கில் பாறைத் தூசு அடைச்சிருந்தால் ஜுரம் நிச்சயம். தினம் காற்றடித்துச் சுத்தம் பண்ணுங்க.

கழற்றி வெயிலில் போட்ட பிரேக்கர் மத்தியானம் மாட்டவே மாட்டேங்குதா? கோளாறு இல்லை. உள்ளே மாட்டிக்கிட்ட ஆயில் சூட்டில் விரிஞ்சு அழுத்தம் ஏறியிருக்கு. சுத்தியலால் தட்டாதீங்க! நிழலில் வைத்து ஆறவிடுங்க. மெஷின் பக்கத்து அழுத்தத்தை எஞ்சினை நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி லீவரை ஆட்டி இறக்குங்க.

விரல் வைக்காதே!

இது கட்டாயம் நினைவில் இருக்க வேண்டிய பாரா. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை. எங்கே லீக்குன்னு விரலால் தடவிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். தோலைத் துளைக்க சுமார் 7 பார் அழுத்தமே போதும். இங்கே இருப்பது 200! ஆயில் ஊசி போட்ட மாதிரி உள்ளே இறங்கும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட பெரிசா இருக்காது. ஆனா உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் பண்ணலைன்னா விரலோ, கையோ போகலாம். ஆகவே லீக் தேட அட்டைத் துண்டு, கண்ணாடி, கையுறை. காயம் பட்டால் "ஒண்ணுமில்ல"ன்னு மஞ்சள் வைக்காமல் நேரா பெரிய ஆஸ்பத்திரி. "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கு"ன்னு டாக்டரிடம் தெளிவா சொல்லணும்.

தூக்கி நிற்கிற பூமுக்குக் கீழே நுழையாதீங்க. கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விட்ட பிறகுதான் ஸ்பேனர்.

தினமும் 10 நிமிஷம்

* மெஷினை சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பார்.
* ஹோஸ் உரசல், வீக்கம், கசிவு பார்.
* பின், போல்ட் இறுக்கம் பார்.
* உளியைத் தரையில் ஊன்றி, உள்ளே அழுத்தி வைத்தபின் கிரீஸ் அடி. பிரேக்கர் ஓடும்போது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.
* கூலர் சுத்தம். கப்ளர் மூடி.
* ஹவர் மீட்டர் எண்ணை நோட்டில் எழுது.

ப்ராஜெக்ட் ரெடி!

அந்தக் கடைசி வரி சாதாரணமில்லை. காசு கொடுத்து வாங்குற ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குப் பதிலா, உங்க ஊரில் ஒரு மெஷின் ஓனரிடம் அனுமதி கேளுங்க. 30 நாளைக்கு ஓடின மணி, ஆயில் சூடு, சேர்த்த ஆயில், நின்ன நேரம், நின்ன காரணம் எல்லாத்தையும் எழுதுங்க. கிராஃப் போடுங்க. எந்தக் கோளாறு எத்தனை மணி நேரத்தைத் தின்னுச்சுன்னு அதிலேயே தெரியும். வைவாவில் யாரும் உங்களை மடக்க முடியாது, ஏன்னா அது உங்க கையால் எழுதின டேட்டா.

கோர் கம்பெனி வரலையேன்னு கேம்பஸ் வாசலில் காத்திருக்கிற பாஸ், கோர் உங்க தெருமுனையில்தான் பாறை உடைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு கேள்வி கேட்கத் தெரிஞ்ச மூளையும், சுத்தமான ஒரு துணியும் போதும். போய்ப் பாருங்க. விரலை மட்டும் பாக்கெட்லயே வெச்சுக்குங்க!