அறை மலிவு, அலைச்சல் அதிகம்

தேர்வு முடிந்ததும் நண்பர்கள் நால்வர், பெற்றோர் இல்லாமல் முதன்முறையாகக் கோலாலம்பூர் சென்றோம். மலிவு என்று ரயில் நிலையமில்லாத புறநகரில் அறை எடுத்தது நான்தான். நகருக்குப் போக ஒவ்வொரு முறையும் வாடகைக் கார். பகுதிநேர வேலையில் சேமித்த பணத்துடன் வந்த நண்பன் இரண்டாம் நாள் மாலை, “நீங்க போயிட்டு வாங்கடா, எனக்குப் பசிக்கல,” என்றான். அவனிடம் காசில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்திற்கு மாறினோம். வாடகை கூடுதல்தான். ஆனால், கேஎல் சென்ட்ரல் நடந்துபோகும் தூரம். எல்ஆர்டி, மோனோரயில், பத்துமலைக்கு நேரடி கொமுட்டர் ரயில் எல்லாம் அருகிலேயே. அன்றிரவு நால்வரும் சேர்ந்தே சாப்பிட்டோம்.

முன்பதிவு செய்யுமுன் வரைபடத்தைப் பாருங்கள். வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டுங்கள். குழுவில் குறைந்த பணத்துடன் வருபவருக்கு அது கட்டுப்படியாகுமா என்று முதலில் கேளுங்கள்.