கரை திரும்பும் கணக்கு

ஓசூரிலிருந்து கடல் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும், என்னிடம் பொருளாதாரம் பயின்று இன்று இங்குள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றும் சிலருக்குக் கடல் தூண்டில் மீது பெரும் ஆர்வம். காலால் மிதித்துச் செலுத்தும் கயாக் படகு ஒன்றை வாங்க விரும்பி, எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்டனர். கேள்வி படகைப் பற்றியதாக இருந்தாலும், அதன் உள்ளே இருப்பது பொருளாதாரம்தான்.

மிதிபடகின் அடிப்படை எளியது. மனிதனின் கால் தசைகள் கைகளைவிட வலிமையானவை. நெடுநேரம் சோராமல் உழைப்பவை. கால்கள் படகைச் செலுத்தினால் தூண்டிலைப் பிடிக்கக் கைகள் விடுபடுகின்றன. அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997-இல் இத்தகைய பொறியமைப்பைக் கொண்டுவந்தது. பெங்குவின் பறவையின் சிறகுகளைப் போல, படகின் அடியில் இரண்டு தகடுகள் இடமும் வலமும் அசைந்து நீரைத் தள்ளும். பின்னர் வந்த வேறு நிறுவனங்கள், மிதிவண்டியைப் போல மிதித்தால் சுழலும் விசிறியைப் பொருத்தின.

இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்புகள் உண்டு. தகடுகள் ஆழமற்ற நீரில் படகின் அடியோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். விசிறியைப் பின்னோக்கி மிதித்தால் படகு உடனே பின்னால் நகரும். ஆனால், அது ஆழம் குறைந்த இடங்களில் தரையில் இடிக்கும். கடற்பாசியும் அறுந்த வலைத்துண்டும் அதில் சிக்கும். கரையில் உடையும் அலைகளைக் கடக்கும்போது எந்தப் பொறியையும் மடக்கவோ தூக்கவோ வேண்டும். அந்த நேரத்தில் கைத்துடுப்பே துணை. துடுப்பு இல்லாமல் மிதிபடகில் கடலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

அடுத்தது உடற்பகுதி. நீளமான படகு விரைந்து செல்லும். அகலமான படகு எளிதில் கவிழாது. கடலுக்கு 12 முதல் 14 அடி நீளம் பொருத்தமானது. உட்காருமிடம் மேல்தளத்திலேயே அமைந்து, ஏறும் நீர் துளைகள் வழியே தானாக வடிந்துவிட வேண்டும். இது நமக்குப் புதிதன்று. கட்டைகளின் இடுக்குகளில் நீர் வடிந்துவிடுவதால்தான் நம் கட்டுமரம் அலையில் நிறைந்து மூழ்குவதில்லை.

ஆனால், விலைப்பட்டியலிலும் விளம்பரத்திலும் இல்லாத ஒரு கணக்கே முதன்மையானது. ஒருவர் நிலையாக மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்லலாம் என்று கொள்வோம். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து கடலை நோக்கி மணிக்கு 2 கிலோமீட்டர் இழுக்கின்றன. போகும்போது வேகம் 7, திரும்பும்போது 3. ஆறு கிலோமீட்டர் செல்ல ஒரு மணி நேரத்துக்கும் குறைவு; திரும்ப இரண்டு மணி நேரம், அதுவும் களைத்த கால்களோடு. நம் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் மேலைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அன்று கரையருகே கடல் அமைதியாகத் தோன்றும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பாய்மரக் காலத்து மீனவர்கள் விடியலில் நிலக்காற்றில் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். அவர்கள் திரும்பும் வழியை எண்ணிய பிறகே புறப்பட்டவர்கள்.

படகை அது ஓடப்போகும் நீரே தேர்ந்தெடுக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், கட்டுமரம் இழந்த பலருக்கும் எந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாக வழங்கப்பட்டன. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆயினும், சில படகுகளின் தரம் குறித்தும், தேவைக்கு மேல் படகுகள் பெருகியது குறித்தும் பின்னர் கேள்விகள் எழுந்தன. படகு இலவசமாக வந்தது. எரிபொருள் அப்படி வரவில்லை. ஒரு பொருளின் விலை, அதை வாங்கும் நாளோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மிதிபடகுக்கு எரிபொருள் வேண்டாம். ஆனால், உதிரிபாகம் வேண்டும். பெயர் பெற்ற மிதிபடகுகள் அமெரிக்காவிலேயே பெரும்பாலும் 2,000 டாலருக்கு மேல் விலையுள்ளவை. கப்பல் கட்டணமும் சுங்கவரியும் தனி. உப்பு நீரில் ஒரு பேரிங் அரித்துவிட்டால், மாற்றுப் பாகம் கடல் கடந்து வரும்வரை படகு வீட்டு வாசலில் கிடக்கும். எனவே, உள்ளூர்ப் பட்டறையில் கழற்றி மாட்டக்கூடிய பொறி எதுவோ, அதுவே நமக்கு மலிவானது.

இங்கேதான் ஓசூருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருசக்கர வாகனங்களும் மின்வாகனங்களும் உருவாகும் ஊர் இது. பல்சக்கரம், சங்கிலி, பேரிங் ஆகியவற்றின் நுட்பம் இங்கே சிறு பட்டறைகளுக்கும் தெரியும். மிதிபடகின் உடற்பகுதியோ, நம் மாடிகளில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் போல அச்சைச் சுழற்றி வார்க்கப்படுவது. உரிய அனுமதி பெற்று கிருஷ்ணகிரி அணையில் வெள்ளோட்டம் விடலாம். ஆனால், அணையில் அலை இல்லை, உப்பும் இல்லை. இறுதித் தேர்வு மீனவர் குப்பத்தில், மீனவர் கையில் நடக்க வேண்டும். வரைபடம் போடுவதற்கு முன்பே அவர்களைக் கேட்பது இன்னும் நன்று.

படகு வாங்குவோர் அதன் விலையில் ஒரு பகுதியை உயிர்காப்பு மேலாடைக்கும், நீர் புகாத உறையிலிட்ட தொலைபேசிக்கும் ஒதுக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் அதில் பதிவாகியிருக்கட்டும். ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று, நீரோட்டம் குறித்த முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. கவிழ்ந்த படகை நிமிர்த்தி மீண்டும் ஏறுவதை, கரையோரத்தில் நெஞ்சளவு நீரில் பலமுறை பழகிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தூரம் செல்லும் என்று விற்பவர் சொல்வார். எந்தக் காற்றில், எவ்வளவு களைப்பில், பொறி பழுதானாலும் திரும்பி வருமா என்பதை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.