தளிர் தேடிய மாணவன்

மாயூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை.

மரம் செடிகளுக்கு நடுவே ஒரு பையன் நடந்து கொண்டிருக்கிறான். பதினாறு, பதினேழு வயது இருக்கும். ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக் கொண்டே வருகிறான். எதையோ தேடுகிறான்.

அவன் பூப்பறிக்க வரவில்லை. காய் பறிக்கவும் வரவில்லை. எந்தச் செடியில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்க்கிறான்!

எதற்காக?

அந்த வீட்டுக்காரருக்குத் தளிர் என்றால் அவ்வளவு ஆசை. காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குத்தான் வருவார். எங்கே புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று மரம் மரமாகப் பார்ப்பார். அவர் வருவதற்கு முன்பே தளிர் இருக்கும் இடங்களைப் பார்த்து வைத்துக் கொண்டு, அவர் வந்ததும் காட்டினால் அவர் முகம் மலரும். முகம் மலர்ந்திருக்கும் நேரத்தில் ஒரு வரம் கேட்கலாம்.

பையன் கேட்க நினைத்த வரம் பொன்னும் அல்ல, பொருளும் அல்ல. தமக்கு அவரே நேரில் பாடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இது 1871-ம் ஆண்டில் நடந்தது. வீட்டுக்காரர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பையன், சாமிநாதன். பிற்காலத்தில் தமிழ் மக்கள் "தமிழ்த் தாத்தா" என்று கொண்டாடிய உ.வே.சாமிநாதையர்தான் அவர்.

ஊர் ஊராக

சாமிநாதையர் பிறந்தது 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. சொந்த ஊர், அந்தக் காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் இருந்த உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணக் கதை சொல்வார். அதில் கிடைத்த வரும்படிதான் குடும்பத்துக்குச் சோறு.

பையனுக்குத் தமிழில் ஆசை. உற்றார் உறவினருக்கு அது பிடிக்கவில்லை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், வடமொழி படித்தால் புண்ணியம் உண்டு, தமிழ் படித்து என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். பையன் அசையவில்லை.

தந்தை என்ன செய்தார் தெரியுமா? மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கக் கூடியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கினார்! அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராக அந்தக் குடும்பம் அலைந்தது. போன இடத்தில் தந்தை கதை சொல்வார். மகன் பாடம் கேட்பான்.

முதலில் கிடைத்தது ருசி

அரியலூரில் சடகோபையங்கார் என்று ஓர் ஆசிரியர். அவர் ஒரு பாட்டை எடுத்துக் கொண்டால் எளிதில் விட மாட்டார். இராகத்தோடு பாடுவார். பொருளை நிறுத்தி நிதானமாக விரித்துச் சொல்வார். பாட்டில் உள்ள நயத்தைத் தாமே அனுபவித்து மற்றவர்களையும் அனுபவிக்கச் செய்வார்.

இந்த வேகத்தில் படித்தால் எத்தனை பாட்டுப் படிக்க முடியும்? மிகக் குறைவுதான். ஆனால் சாமிநாதனுக்கு அங்கே ஒரு பெரிய செல்வம் கிடைத்தது. அதுதான் ருசி. பாட்டு என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் சங்கதி அல்ல, சுவைத்துப் பார்க்க வேண்டிய பண்டம் என்று அந்தச் சிறுவன் தெரிந்து கொண்டான்.

செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்ற ஆசிரியர் "யாப்பருங்கலக்காரிகை" பாடம் சொன்னார். செய்யுள் எழுதும் முறையைச் சொல்லும் இலக்கண நூல் அது.

கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறார் அல்லவா? அதுபோலத்தான் செய்யுளும். ஓர் அடியில் எத்தனை சீர் வர வேண்டும், ஒரு சீருக்கு அடுத்து எந்தச் சீர் வரலாம், எதுகை எங்கே, மோனை எங்கே என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கணக்குத் தப்பினால் ஓசை தப்பிவிடும். அந்தக் காலத்துத் தமிழ் மாணவர்கள் பாட்டைப் படித்ததோடு நிற்கவில்லை. தாங்களும் பாட்டுக் கட்டிப் பழகினார்கள். சாமிநாதனும் பழகினான்.

தச்சு வேலை தெரிந்தவன் ஒரு கதவைப் பார்ப்பதற்கும் மற்றவன் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. செய்யுள் எழுதிப் பழகிய பிறகு பெரிய புலவர்களின் பாட்டைப் படித்தால், அதில் உள்ள வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும். எழுதுவது படிப்புக்கு உதவியது. படிப்பது எழுத்துக்கு உதவியது.

மடை திறந்தது

கடைசியில் எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான். தமிழ் முழுவதும் படிக்க வேண்டுமானால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போ என்றார்கள்.

தந்தையும் மகனும் மாயூரத்துக்குப் போனார்கள். பிள்ளையவர்கள் உடனே தலையசைக்கவில்லை. பாடம் கேட்க எத்தனையோ பேர் வருவார்கள். சில நாளில் போய்விடுவார்கள். இந்தப் பையன் நிலைத்திருப்பானா என்று அவருக்குச் சந்தேகம். பிறகு சேர்த்துக் கொண்டார். ஆனால் முதலில் தம்முடைய மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கச் சொன்னார்.

சவேரிநாத பிள்ளை நல்லவர். சாமிநாதனுக்கு நண்பராகவும் ஆனார். ஆனால் காவேரிக் கரைக்கு வந்துவிட்டுக் குடத்துத் தண்ணீரில் குளிக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் விடியற்காலையில் அந்தத் தளிர் வேட்டை!

வேட்டை வீண் போகவில்லை. ஆசிரியரின் அன்பு கிடைத்தது. அவரே பாடம் சொல்லத் தொடங்கினார்.

அதன் பிறகு மடை திறந்த வெள்ளம்தான். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று நூலுக்கு மேல் நூலாக ஓடியது. அரியலூரில் துளித்துளியாகச் சுவைத்தவன், மாயூரத்தில் கைகொள்ளாமல் அள்ளினான். ருசி தெரிந்த பிறகு அள்ளியதால் ஒன்றும் சிந்திப் போகவில்லை.

அதே மாயூரத்தில் "நந்தனார் சரித்திரம்" பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். சாமிநாதன் அவரிடம் சங்கீதம் கற்றுக் கொண்டான். சங்கீதம் அவனுடைய குடும்பச் சொத்து அல்லவா? ஆனால் தமிழ்ப் படிப்புக்கு அது தடையாக இருக்கும் என்று பிள்ளையவர்கள் கருதினார். சாமிநாதன் சங்கீதப் பயிற்சியை விட்டுவிட்டான். தமிழுக்காக அவன் கொடுத்த விலை அது.

எழுத்தாணி பிடித்த கை

பிள்ளையவர்கள் பாட்டு இயற்றுவதைப் பார்ப்பதே ஒரு பாடம். அவர் வாயால் சொல்லிக் கொண்டே போவார். மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதுவான். பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று சாமிநாதன் பக்கத்தில் இருந்து பார்த்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பயிற்சி இது.

வீட்டில் வறுமை தீர்ந்தபாடில்லை. சாமிநாதனுடைய கலியாணத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. காரை என்ற ஊரில் அவர் திருவிளையாடற் புராணத்தைப் படித்துப் பிரசங்கம் செய்தார். அதில் கிடைத்த பணம் கடனை அடைக்க உதவியது. தமிழ் படித்து என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு அதுவே முதல் பதில்.

1876-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி பிள்ளையவர்கள் காலமானார். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை ஆதரித்தார். அங்கே ஐயர் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். செய்யுளும் இயற்றினார்.

1880-ம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு ஐயரைச் சிபாரிசு செய்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். ஐயருக்கு அப்போது வயது 25.

பெரிய ஆசிரியரிடம் பாடம், மடத்தில் மதிப்பு, கல்லூரியில் உத்தியோகம். இனி என்ன வேண்டும்? படித்து முடித்தாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை

1880-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, வியாழக்கிழமை. அந்த நாளை ஐயர் சாகும்வரை மறக்கவில்லை.

கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். ஐயர் அவரைப் பார்க்கப் போனார். முதலியார் அதிகம் பேசவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஐயர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். அந்தாதிகளைச் சொன்னார். கலம்பகங்களைச் சொன்னார். பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பு தோன்றும் என்று எதிர்பார்த்தார்.

வியப்பு இல்லை. இவையெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது என்ற தோரணையில் இருந்தார் முதலியார். பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களைச் சொன்னார்.

ஐயர் படித்ததில்லை! ஏடுகள் எளிதில் கிடைக்காத காலம் அது. இத்தனை ஆண்டு ஊர் ஊராக அலைந்து, பட்டினி கிடந்து, சங்கீதத்தை விட்டுப் படித்த படிப்பு. அது தமிழ்க் கடலில் ஒரு கரைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? முன்சீபுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று கோபத்தோடு எழுந்து வந்திருப்பார். ஐயர் அப்படிச் செய்யவில்லை. நூல் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்கிறேன் என்றார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்.

மறுபடியும் மாணவர்

வீட்டுக்கு வந்து பிரித்தால், பொருள் பிடிபடவில்லை. கல்லூரி ஆசிரியர் மறுபடியும் மாணவரானார்!

சிந்தாமணியில் 3,145 பாட்டுகள். எழுதியவர் திருத்தக்க தேவர் என்ற சமணப் புலவர். சமண சமயச் செய்திகள் நூல் நெடுகிலும் வருகின்றன. ஐயரோ சைவ நூல்களில் ஊறியவர். என்ன செய்வது? கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போனார். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிந்தாமணியைப் புனித நூலாகப் படித்து வந்தார்கள். ஐயர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டார்.

ஏடுகளிலோ தொல்லைகள் அநேகம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. "கொ" எது, "கோ" எது என்று வேறுபாடு தெரியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் இருக்காது. ஓர் ஏட்டில் ஒரு மாதிரி இருக்கும். மற்றோர் ஏட்டில் வேறு மாதிரி இருக்கும்.

எது சரி என்று எப்படித் தீர்மானிப்பது? அங்கேதான் பழைய படிப்புக் கைகொடுத்தது. யாப்புக் கணக்குத் தெரிந்தவருக்கு ஓசை எங்கே உடைகிறது என்று தெரியும். எதுகை பொருந்தாத இடத்தில் பிழை இருக்கிறது என்று மனம் சொல்லும். முன்பு படித்த அந்தாதியும் கலம்பகமும் வீணாகவில்லை. அவைதான் ஏணி. ஐயர் அதுவரை அதையே மாடி என்று எண்ணியிருந்தார்!

1887-ம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையில் எத்தனையோ மேற்கோள் வரிகள் இருந்தன. அவை எந்த நூலில் உள்ளவை என்று தேடியதில் சங்க நூல்களின் கதவு திறந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வரிசையாக ஐயர் பதிப்பித்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கும் பழந்தமிழ்ப் பாட்டுகளில் பல, அவர் கைபட்டு வந்தவைதான்.

மறைக்காத மனம்

செய்யுள் எழுதக் கற்ற சாமிநாதையரை உலகம் கவிஞர் என்று சொல்வதில்லை. மறைந்து கிடந்த கவிகளை மீட்டவர் என்று சொல்கிறது. எழுத்தாணி பிடித்துப் பழகிய அந்தக் கை, வயதான காலத்தில் எல்லோருக்கும் புரியும் எளிய வசனம் எழுதியது.

1940-ம் ஆண்டு ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" என்று தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். வயது 85-ஐ நெருங்கிவிட்டது. மகாமகோபாத்தியாயர் என்ற பட்டம் பெற்றவர். ஊரெல்லாம் கும்பிடும் பெரியவர். அந்த வியாழக்கிழமையில் தமக்கு நேர்ந்த சங்கடத்தை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. தமக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியாமல் இருந்தது என்று ஒளிக்காமல் எழுதினார். கேள்வி கேட்டுத் தலைகுனிய வைத்த முதலியாரை நன்றியோடு நினைத்தார்.

வாரா வாரம் எழுதியும் சரித்திரம் முடியவில்லை. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். எழுதிய வரையில் 1950-ம் ஆண்டு புத்தகமாக வந்தது.

மாணவன் எப்போது வளர்கிறான்? பாடம் கேட்கும்போது வளர்கிறான். தானே எழுதிப் பார்க்கும்போது இன்னும் வளர்கிறான். எனக்கு இது தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லும்போது, மரமாகிவிட்ட பிறகும் மறுபடி தளிர் விடுகிறான்.

மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடிய பையனுக்கு, அந்த இரகசியம் அப்போதே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்!