சட்டைப்பையில் ஒரு பட்டறை

1975ஆம் ஆண்டில் நடந்த கதை இது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்க இளைஞர் தன் மனைவியோடு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். இயந்திரப் பொறியியல் படித்தவர். கையில் பணம் குறைவு. ஓட்டிய பழைய ஃபியட் கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய மலிவான விடுதிகளில் குழாய் ஒழுகியது. இத்தனைக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு மடக்குக் கத்தி. அதை வைத்து வெட்டலாம், திருகலாம். ஒழுகும் குழாயின் மரையைப் பிடித்துத் திருப்ப முடியுமா? குறடும் சேர்ந்த கத்தி ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் செய்து பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது 1983இல்தான். மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு, கத்தி, அரம், திருப்புளி எல்லாம் வெளியே வரும். இதைத்தான் மல்டிடூல் என்கிறோம்.

அவர் தொடங்கிய லெதர்மேன் நிறுவனம் தன் கருவிகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. உங்களுக்கு இப்போது 10 வயது என்றால், இன்று வாங்கிய கருவிக்கு உங்களுடைய 35 வயது வரை உத்தரவாதம்! இதைவிட நீண்ட வாக்குக் கொடுப்பவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884இல் ஒரு பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டோரிநாக்ஸ். அவர்கள் தங்கள் கத்திக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்கிறார்கள்.

சின்னச் சின்னப் பாகங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கருவிக்கு இவ்வளவு பெரிய வாக்கை எந்தத் தைரியத்தில் கொடுக்கிறார்கள்? வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

கடினமாக இருந்தால் போதுமா?

கூர் மழுங்காமல் இருக்கக் கத்தியின் எஃகு கடினமாக இருக்க வேண்டும். அப்படியானால் எல்லாப் பாகத்தையும் அதே அளவு கடினமாக்கிவிடலாமே? கூடாது. கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். இரும்பு ஆணியால் அதைக் கீறுவது கஷ்டம். ஆனால் கீழே விழுந்தால் சுக்குநூறாகிவிடும். எஃகிலும் கடினம் ஏற ஏற, வளைந்து கொடுக்கும் குணம் குறையும்.

எஃகின் கடினத்தை அளக்க ராக்வெல் என்ற அளவு உண்டு. கூம்பு வடிவ வைர முனையை எஃகின் மேல் அழுத்துவார்கள். முனை எவ்வளவு குறைவாக உள்ளே இறங்குகிறதோ, அவ்வளவு அதிகம் எண். விக்டோரிநாக்ஸ் செய்யும் சுவிஸ் ராணுவக் கத்தியில் வெட்டும் அலகு 56. கத்தரிக்கோலும் மர ரம்பமும் 53. திருப்புளியும் டின் திறப்பானும் 52. ஸ்பிரிங் 49.

ஏன் இந்த வித்தியாசம்? அலகின் வேலை வெட்டுவது மட்டும். திருப்புளி முறுக்கைத் தாங்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு இன்னும் பெரிய வேலை. கத்தியை நகத்தால் இழுக்கும்போது முதலில் அடம்பிடிக்கும். பாதி தாண்டியதும் 'டக்' என்று தானே நிமிரும். அந்த 'டக்', உள்ளே வளைந்திருந்த ஸ்பிரிங் நிமிர்ந்த சத்தம். ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர வேண்டியது, கண்ணாடி போலிருந்தால் ஆகுமா?

இந்தக் குணங்கள் சூட்டில் பிறக்கின்றன. அலகை 1,040 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். பிறகு 160 டிகிரியில் மறுபடி சூடாக்குகிறார்கள். முதலில் சூடாக்கிக் குளிர்விப்பது கடினம் தருகிறது. இரண்டாவது சூடு, படக்கென்று முறியும் குணத்தைக் குறைக்கிறது. கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் 'தோய்ச்சல்' போடுவதைப் பார்த்திருந்தால், இது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கத்தியும் எவர்சில்வர் தட்டும்

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் எஃகின் மேல் ஒரு படலம் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும்.

கத்தி எஃகுக்குக் கடினம் வர, கார்பனும் தேவை. அந்தக் கார்பன், குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். படலத்துக்கு மிஞ்சுவது குறையும். அதனால்தான் எவர்சில்வர் தட்டைவிடக் கத்தியில் துருப்புள்ளி சீக்கிரம் வருகிறது. உப்புத் தண்ணீர் அந்தப் படலத்தை அரிக்கும். கீலின் இடுக்குதான் மிக மோசமான இடம். உப்புத் தண்ணீர் அங்கே தங்கிவிடும். ஆக்சிஜன் எளிதில் நுழையாது. படலம் வளர வழியில்லை.

களைத்துப்போகும் உலோகம்

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்துங்கள். ஒரே இடத்தில் நன்றாக மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்குங்கள். எத்தனை தடவை என்று எண்ணுங்கள். வளைந்த இடம் சூடாகும், பிறகு பட்டென்று முறியும். இன்னொரு கிளிப்பை, விட்டால் தானே நிமிரும் அளவுக்கு மட்டும் லேசாக வளைத்து விடுங்கள். அதே எண்ணிக்கை வரை செய்தாலும் அது முறியாது.

அதிகம் வளைக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே நுண்ணிய விரிசல்கள் பிறந்து வளர்கின்றன. இதை உலோக அயர்வு என்பார்கள். நல்ல கருவியில் ஸ்பிரிங் கொஞ்சம் மட்டுமே வளையும்படி வடிவமைக்கிறார்கள். அதனால்தான் அது பல ஆண்டுகள் உழைக்கிறது.

உத்தரவாதம் எதற்கு?

கருவிகள் எப்போது பழுதாகின்றன என்று வரைபடம் போட்டால், பல சமயம் அது குளியல் தொட்டி போல வரும். செய்யும்போதே நேர்ந்த குறை இருந்தால், ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். அது தொட்டியின் ஒரு சுவர். பிறகு நீண்ட காலம் பழுது குறைவு. அது தொட்டியின் அடிப்பாகம். கடைசியில் தேய்மானத்தால் பழுது ஏறும். அது மறு சுவர். பட்டறையிலேயே குறைகளைக் களைந்து, அடிப்பாகத்தை நீளமாக்கத் தெரிந்தவர்களால் தைரியமாக வாக்குக் கொடுக்க முடிகிறது.

அந்த வாக்கு எஃகின் குறைக்கும் செய்முறையின் குறைக்கும்தான். பெயின்ட் டப்பா மூடியைக் கத்தி முனையால் நெம்பி முனை முறிந்தால், அது கணக்கில் வராது. தேய்மானமும் அப்படித்தான். கம்பி வெட்டி வெட்டிக் குறட்டின் அலகு மழுங்குவதைத் தடுக்க முடியாது. ஆகவே லெதர்மேனின் சில மாதிரிகளில் அந்த அலகை மட்டும் கழற்றி மாற்றலாம்.

முறிந்த இடமும் கதை சொல்லும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், மெல்ல வளர்ந்த விரிசல் பெரும்பாலும் வரிவரியாகத் தெரியும். ஒரே நெம்பலில் முறிந்த இடத்தில் அந்த வரிகள் இருக்காது.

உங்கள் வீட்டில் மல்டிடூல் இல்லாவிட்டால் பரவாயில்லை, நகவெட்டி இருக்குமே! அதிலும் கூர்முனை, வளையும் பட்டை, கீல் மூன்றும் உண்டு. மூன்றில் எது முதலில் தளரும்? ஊகித்து, இன்றைய தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நனைந்தால் துடைத்து வையுங்கள். மாதம் ஒரு முறை கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அந்த நோட்டைத் திறந்து, உங்கள் ஊகம் சரியா என்று பாருங்கள்.