கங்காணி முறை

கங்காணி முறை என்பது இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் தோட்டங்களுக்குத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து வேலையாட்களைச் சேர்த்து அனுப்பிய ஏற்பாடு ஆகும். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் முதலாளியிடம் முன்பணம் பெற்று, தன் ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துச் செல்வார். அவரே கங்காணி. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களும் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்த ஆள்சேர்ப்பின் முக்கியக் களங்களாக இருந்தன. இலங்கைக்கான ஆள்சேர்ப்பு 1939ஆம் ஆண்டு வரை நீடித்தது. அழைத்துவரும் செலவை யார் ஏற்பது என்பதே இம்முறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்த சிக்கல்.

பெயர்

கண்காணி என்ற தமிழ்ச் சொல்லே கங்காணி என மருவியது. மேற்பார்வை செய்பவர் என்பது இதன் பொருள். ஒரு சிறு கூட்டத்துக்குப் பொறுப்பானவர் சில்லறைக் கங்காணி என்றும், தோட்டத்து ஆட்கள் அனைவருக்கும் மேலாளாக இருந்தவர் பெரிய கங்காணி அல்லது தலைக் கங்காணி என்றும் அழைக்கப்பட்டனர். பர்மாவிலும் வால்பாறைப் பகுதியிலும் இதே வேலையைச் செய்தவர்கள் மேஸ்திரி எனப்பட்டனர்.

தோட்டங்களின் தேவை

1830களுக்குப் பிறகு இலங்கையின் கண்டிப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் பெருகின. சொந்த நிலத்தில் பயிரிட்டுவந்த சிங்கள உழவர்கள் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாட்களாக வர விரும்பவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் காப்பி இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பிப் பயிர் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக அளவில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் பழகித் தேர்ந்த கைகளால் செய்ய வேண்டிய வேலைகள். எனவே ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் குடும்பமாக வந்து லயன் வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று. துரைமாருக்குத் தமிழக ஊர்களும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆள் பிடிக்கவும், வேலை வாங்கவும், பேச்சை இருபுறமும் எடுத்துச் சொல்லவும் கங்காணி தேவைப்பட்டார்.

சிற்றூர்களின் நிலை

மதுரைச் சமவெளியில் மழையை நம்பிய நிலமே மிகுதி. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் இப்பகுதியையும் தாக்கியது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்ட பின்னரே மேலூர் வட்டாரத்துக்கு உறுதியான பாசனம் கிடைத்தது. அந்தக் கால்வாய் எட்டாத ஊர்களில் நிலமற்றவர்கள் பழைய நிலையிலேயே இருந்தனர். கடன், சாதிக் கொடுமை, பண்ணையடிமை ஆகியவற்றிலிருந்து தப்பும் வழியாகப் பலர் கடல் கடந்த வேலையைக் கண்டனர். அழைப்பவர் தெரிந்தவர் என்பதால் நம்பிக்கையும் இருந்தது.

முன்பணமும் கடனும்

துரைமார் தென்னிந்தியாவை கோஸ்ட் என்றே குறிப்பிட்டனர். ஆள் சேர்க்கப் புறப்படும் கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த தொகை கோஸ்ட் முன்பணம் எனப்பட்டது. சேர்பவரின் ஊர்க்கடனைத் தீர்ப்பது, வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி, சமையல் பாத்திரம் என எல்லாம் இந்தப் பணத்திலிருந்து செலவாயின. கங்காணி அவற்றைச் சேர்ந்தவரின் கணக்கில் கடனாக எழுதிக்கொண்டார். வழியில் இறந்தவர்களாலும் ஓடிப்போனவர்களாலும் ஏற்பட்ட இழப்பை மற்றவர்கள் கணக்கில் ஏற்றுவதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, தன் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கங்காணி சொல்லித்தான் அறிந்தார்.

இவ்வாறு, ஆள் தேடும் முதலாளியின் செலவு வேலைக்கு வந்தவரின் கடனாக மாறியது. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், தன் ஆட்களைக் கலையாமல் வைத்திருப்பது அவருக்கு வருமானமாகவும் இருந்தது.

துண்டு முறை

மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பிஜிக்கும் சென்றவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கைக்குச் சென்றவர்களுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் அவர்கள் விலகிக்கொள்ளலாம். காகிதத்தில் இருந்த இந்த உரிமை நடைமுறையில் கடனால் முடங்கியது.

ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்கள் விடுவிக்கப்படுவர் என்பது அதன் உள்ளடக்கம். இச்சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் சென்று பேரம் பேசுவார். புதிய தோட்டம் பழைய கடனை அடைத்து, கூடுதல் முன்பணமும் கொடுக்கும். அத்தனையும் தொழிலாளரின் புதிய கடனாகச் சேரும். தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிடப் போட்டியிட, கூலி உயர்வதற்குப் பதிலாகக் கடன் உயர்ந்தது.

தகரத் துண்டும் கோஸ்ட் ஏஜென்சியும்

முன்பணம் கட்டுக்கடங்காமல் போனதைத் துரைமாரும் உணர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் பதிவு எண் பொறித்த சிறு தகர வில்லை சேர்ந்த ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் கையில் காசில்லாமல் பயணம் செய்யலாம். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கப்படும். கங்காணி கையில் ரொக்கம் புழங்குவது குறைந்தது. ஆனால் தோட்டம் அந்தச் செலவைக் கங்காணியிடமும், அவர் தொழிலாளியிடமும் வசூலிப்பது தொடர்ந்தது.

1904இல் தோட்ட முதலாளிகள் ஆள்சேர்ப்பைக் கூட்டாக நடத்த ஓர் அமைப்பை ஏற்படுத்தினர். மதுரையிலிருந்து ஒத்தக்கடை, மேலூர் வழியாக வடக்கே செல்லும் சாலை சென்றடையும் திருச்சியே அதன் தலைமையிடமாயிற்று. கோஸ்ட் ஏஜென்சி என்று அறியப்பட்ட இந்த அமைப்பு, கங்காணிகளின் ஆள்சேர்ப்பைச் சரிபார்த்துப் பயணத்தை ஒழுங்குசெய்தது.

பயணம்

தொடக்க காலத்தில் ஆட்கள் இராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் சேர்ந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே ஏராளமானோர் மாண்டனர். பின்னர் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழி முதன்மை பெற்றது. அவ்வழி செல்வோருக்குத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. மதுரை–மண்டபம் ரயில் பாதை 1902இலும், பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் 1914இலும் இயங்கத் தொடங்கின. அதன்பின் மண்டபம் முகாமே முக்கிய வாசலாயிற்று. இந்திய மண்ணில் இருந்தாலும் இலங்கை அரசு நடத்திய இம்முகாமில், நோய்த் தடுப்புக்காக ஆட்கள் சில நாள் தங்கவைக்கப்பட்டனர்.

மலாயாவின் மாற்று ஏற்பாடு

மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகளே ஆள் சேர்த்தனர். ஆனால் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அங்கு ஒரு குடியேற்ற நிதி உருவானது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும்; அந்த நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஒருவர் செலவு செய்து அழைத்துவந்த ஆளை மற்றொருவர் இலவசமாக இழுத்துக்கொள்ளும் சிக்கல் இதனால் தணிந்தது. வந்திறங்குபவர் பயணச் செலவுக்காகக் கடனாளியாகும் தேவையும் நீங்கியது.

இரு நாடுகளின் நிலையையும் ஆராய மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோரைச் சென்னை அரசு அனுப்பியது. அவர்களது அறிக்கை 1917இல் வெளிவந்தது.

சட்ட மாற்றங்கள்

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1923இல் இலங்கையிலும் முதலாளிகள் பணம் செலுத்தும் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆள்சேர்ப்புச் செலவை அந்நிதியே ஏற்றது. அதைத் தொழிலாளியிடம் திரும்ப வசூலிக்கக் கூடாது என்றாயிற்று. கங்காணி உரிமம் பெற்றே ஆள் சேர்க்க முடிந்தது. சேர்பவர் விருப்பத்தோடு வருகிறாரா என்பதைக் கிராம முன்சீப் விசாரித்தார். தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது.

ஊருக்குள் கங்காணியின் செல்வாக்கு சட்டத்தால் மட்டும் மறைந்துவிடவில்லை. தஞ்சாவூரிலிருந்து சென்று இதழாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய கோ. நடேசய்யர், 1930களில் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியபோது துரைமாரோடு பெரிய கங்காணிகளையும் எதிர்க்க வேண்டியிருந்தது. கங்காணிகளில் சிலர் தோட்ட உரிமையாளராகவும் உயர்ந்தனர். மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை தொழிலாளியாகச் சென்று, கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்தை வாங்கியவர்.

முடிவும் பின்விளைவும்

மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்வதை 1938இலும், இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதை 1939 ஆகஸ்ட் 1 முதலும் இந்திய அரசு தடை செய்தது. அத்துடன் ஆள்சேர்ப்பு நின்றது. சென்றவர்களின் தகுதிநிலை மட்டும் தீராத கேள்வியாயிற்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது என 1974இல் முடிவாயிற்று. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. மண்டபம் முகாம் பிற்காலத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளின் இருப்பிடமாயிற்று.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தோட்டத்துக்குச் சென்றவர்களின் கதை. பி. எச். டேனியலின் ஆங்கில நாவலைத் தழுவாமல் நேராக மொழிபெயர்த்த இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’, வால்பாறைப் பகுதியில் இதே ஆள்சேர்ப்பு நடந்த விதத்தைச் சொல்கிறது.

இன்றைய ஏற்பாடுகளுடன் ஒப்பீடு

ஆள் கிடைக்காத சிற்றூர் முதலாளிகளுக்காக வெளிநாட்டவரை வரவழைக்கும் திட்டங்கள் இன்றும் உள்ளன. கனடா 2019இல் தொடங்கி 2024 வரை நடத்திய கிராமப்புற, வடபகுதிக் குடியேற்ற முன்னோடித் திட்டமும் அத்தகையதே. அதில் சேர்ந்த 11 ஊர்கள், உள்ளூர் முதலாளியிடம் வேலை உறுதி பெற்றவர்களைப் பரிந்துரைத்தன. அவர்கள் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்க முடிந்தது. தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர்களுக்கு இத்தகைய குடியுரிமை வழி தொடக்கத்தில் வகுக்கப்படவே இல்லை.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம். வேலைக்குச் செல்பவரிடம் அவர் பெறும் சேவைக் கட்டணத்துக்கு ரூ. 30,000, அதற்கான வரி என்ற உச்சவரம்பு உண்டு. அதற்கு ரசீது தர வேண்டும். தமிழக அரசும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. பதிவில்லாத இடைத்தரகரிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுத்துப் புறப்படுபவர், முதல் மாதச் சம்பளம் வாங்கும் முன்பே கடனாளியாகிறார். 1921 வரை துண்டில் எழுதப்பட்ட கணக்கும் இத்தகையதே.