குற்றால வெள்ளம் புகட்டும் பாடம்

தென்காசி வட்டாரத்தில் சாரலைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆயினும் சாரலைத் தரும் மலையே அபாயத்தையும் அனுப்பக்கூடும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் பதறியோடித் தப்பினர். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

இதற்குக் காரணம் யாது? மலையுச்சியில் பெய்யும் பெருமழை, செங்குத்தான பாறைச் சரிவில் தேங்க இடமின்றி, திரண்டு விரைவாகக் கீழே வந்து சேர்கிறது. அடிவாரத்தில் வெயில் காயும்போதும் இது நேரலாம். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் பெருகுதல் ஆகியன முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், உடைமைகளை எடுக்கத் திரும்பாமல் உடனே மேடேற வேண்டும்.

குற்றால மலையில் தோன்றித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் கரையூர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைத் தாக்கிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. இத்தகைய மழை எவ்வூரிலும் பெய்யலாம்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வெள்ளம் கண்ட பெரியோர்களைக் கிராம சபையில் பேசச் செய்க. நீர் எவ்வளவு உயர்ந்தது, எக்கரை முதலில் உடைந்தது, கால்நடைகள் எம்மேட்டில் பிழைத்தன என்பவற்றைக் குறித்து வைக்க. நீர்மட்டத்தைப் பொதுச் சுவரில் கோடிட்டுக் காட்டுக. மாவட்ட அவசர உதவி எண் 1077-ஐ அதனருகே எழுதுக. முன்னோர் பட்ட துன்பம், பின்னோருக்குக் காவலாக அமையட்டும்.