ஹார்டு டிஸ்க் திணறுகிறதா? முதலில் நகல் எடுங்கள்!

நெசவுக்குப் பேர்போன பகுதி சேலம் அம்மாபேட்டை. தறியின் மேல் ஏறியிறங்கும் ஜக்கார்டு அட்டையில் இருக்கும் துளைகள்தான் எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்கின்றன. பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த முறை அது. ஓர் அட்டை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும்; அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது டிசைன் போடுவது கணினியில். புட்டா, பார்டர், முந்தி என்று வருடக்கணக்கான உழைப்பு, பிள்ளைகளின் படங்களோடும் கடைக் கணக்கோடும் சேர்ந்து ஒரே ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. அதில் விழும் பழுது கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பல நேரங்களில் அறிகுறி காட்டும்.

சத்தமா, தாமதமா?

'டக்... டக்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுக்கு மேலே, தூசியைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது தகவலைப் படித்து எழுதும் ஹெட். அது தட்டில் உரசினால் தகவல் சுரண்டப்பட்டுவிடும். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதும், மூடியைக் கழற்றுவதும் சேதத்தைக் கூட்டும். தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே வழி.

சத்தம் இல்லை, ஆனால் ஃபோல்டர் திறக்க நேரமாகிறது, காப்பி செய்யும்போது பாதியில் நிற்கிறது என்றால், முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சோதனையெல்லாம் பிறகுதான். விண்டோஸின் 'செக் டிஸ்க்' போன்ற பழுதுபார்ப்புகள் தட்டு முழுவதையும் படிக்க வைக்கக்கூடும். நொந்துபோன டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம்.

எண்கள் சொல்வது

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். 'ஸ்மார்ட்' எனப்படும் அந்தக் குறிப்பை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். 05 என்ற வரிசை, பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின் (தட்டில் தகவல் பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அதற்காக, எண்கள் சுத்தமாக இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேலானவை முக்கியமான நான்கு 'ஸ்மார்ட்' எண்களில் எதிலும் எச்சரிக்கை காட்டவில்லை. சுழலும் தட்டு இல்லாததால் சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கும் திடீரென்று நின்றுவிடக்கூடும்.

ஆகவே, அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே உறவினரிடமோ இணையத்திலோ ஒன்று என மூன்று பிரதி வைத்திருங்கள். வாரம் ஒரு நாளை நகல் எடுப்பதற்கென்று ஒதுக்குங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.